பாட்டி சொன்ன 'கொரண்டி': டெக்கு டிக்கெட்டில் போனவர்களை ஏன் தீவில் இறக்கினார்கள்?

கேள்வி: மயிலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் வணிகக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதல் பயணமே மேற்கு ஆப்பிரிக்காவுக்கு என்பதால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வதற்காகச் சென்ற வாரம் அவனுடன் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஊசி போட்டுச் சற்று நேரம் உட்கார வைத்தபின் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும் என்றும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும் என்றும் விளக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஓயாமல் சொல்லும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. 'கொரண்டி' என்பதுதான் அது.

பாட்டி இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், கைக்குழந்தையோடு மதராஸில் கப்பல் ஏறிப் பினாங்குப் பக்கம் போனவர். தாத்தா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். "கரை கண்ணுக்குத் தெரியுது, காலை வைக்க விடலை" என்றுதான் பாட்டி கதையைத் தொடங்குவார். டெக்கு டிக்கெட்டில், அதாவது அறை எடுக்காமல் கப்பலின் தளத்தில் வந்தவர்களை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு தீவில் இறக்கினார்களாம். மூட்டையில் இருந்த துணிகளெல்லாம் பெரிய இரும்புப் பெட்டிக்குள் போய், கொதிக்கிற ஆவியில் வெந்து, கசங்கலும் ஈரமுமாக மருந்து நெடியோடு திரும்பி வந்தனவாம். டாக்டர் ஒருவர் பாட்டியின் கையைத் திருப்பி, அம்மை குத்திய தழும்பை விரலால் தடவிப் பார்த்தாராம். ஒரு வாரம் வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதே கப்பலில் அறை எடுத்து வந்தவர்கள் அன்று மாலையே ஊருக்குள் போய்விட்டார்கள் என்பதையும் பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்ததில்லை, வியப்புதான் இருக்கும்.

பாட்டி இருந்த காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இப்போது உங்களிடம் கேட்கிறேன். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு வாரம் என்ற கணக்கு எப்படி வந்தது? நோய்க்கு டெக்கு டிக்கெட்டும் அறை டிக்கெட்டும் தெரியுமா? நம் சென்னைத் துறைமுகத்திலும் இப்படி நடந்ததா? இதனால் உண்மையிலேயே யாரேனும் பிழைத்தார்களா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஏட்டுச்சுவடி

வணக்கம் அம்மா. நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

உங்கள் பாட்டியின் 'கொரண்டி', 'குவாரண்டைன்' என்ற சொல் நம் மக்களின் நாவில் உருண்டு திரண்ட வடிவம். மூலச் சொல் இத்தாலிய மொழியினது. நாற்பது நாள் என்பது அதன் பொருள். ஆனால் வழக்கம் தொடங்கியபோது கணக்கு நாற்பதாக இல்லை. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இன்று டுப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா நகரம் 1377இல் ஒரு சட்டம் இயற்றியது. கொள்ளைநோய் பரவியிருக்கும் ஊர்களிலிருந்து வருபவர்கள் அருகிலுள்ள மிர்கான் என்ற சிறு தீவிலோ சாவ்டாட் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்றது அந்தச் சட்டம். ரகூசா வணிகத்தால் வாழ்ந்த நகரம். வாயிலை அடைத்துவிட்டால் நோய் வராது, சோறும் வராது. ஆகவே கதவைச் சாத்தாமல், வருபவரைத் திருப்பியும் அனுப்பாமல், சில நாள் காத்திருக்க வைத்துப் பிறகு உள்ளே விடுவது என்ற நடுவழியைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்த எல்லா ஏற்பாடுகளும் இந்த எண்ணத்தின் மேல் எழுந்தவையே.

வெனிஸ் நகரம் 1423இல் ஒரு தீவில் கொள்ளைநோய்க்கென நிலையான மருத்துவமனையை ஏற்படுத்தியது. 1468இல் இன்னொரு தீவை, நோய் கண்டவர்களுக்காக அன்றி, நோய் இருக்குமோ என்று ஐயப்படும் கப்பல்களுக்கும் சரக்குக்கும் ஒதுக்கியது. நோயாளியை வைக்கும் இடம் வேறு, சந்தேகத்துக்கு உரியவரை வைக்கும் இடம் வேறு என்று பிரித்ததை நான் மிகப் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். இரண்டையும் ஒன்றாக்கினால், நலமாக வந்தவனும் நோயாளியாகித்தான் வெளியே போவான்.

நாற்பது என்ற எண்ணுக்கு நோயின் இயல்பு காரணமில்லை. கிறித்தவ மரபில் நாற்பது நாள் நோன்புக்கு இருந்த மதிப்பும், கடுமையான நோய் நாற்பது நாளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்ற பழைய கிரேக்க மருத்துவ நம்பிக்கையும் அதற்குள் சேர்ந்திருந்தன. நம் வைத்தியர்கள் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வதைப் போல, அளந்து கண்டறியாத ஒன்றுக்கு மரபு தந்த அளவு அது.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதைக் காட்ட ஒரு கப்பலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1720ஆம் ஆண்டு மே 25 அன்று, 'கிராண்ட் சேன் அந்துவான்' என்ற கப்பல் சிரியக் கரையிலிருந்து துணியும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு வந்தது. வழியிலேயே கப்பலின் வைத்தியர் உட்படப் பலர் இறந்திருந்தார்கள். மார்செயில் அப்போது ஐரோப்பாவிலேயே கண்டிப்பான தனிமைப்படுத்தல் விதிகள் இருந்தன. நோய் கண்ட கப்பலை ஆளற்ற தீவு ஒன்றின் அருகே நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அந்தச் சரக்கில் நகர ஆட்சியாளர் ஒருவருக்கே பங்கு இருந்தது. ஜூலை மாதத்தில் பொக்கேர் என்ற ஊரில் கூடும் பெரிய சந்தைக்குத் துணி போய்ச் சேரவும் வேண்டியிருந்தது. கப்பலைத் தொலைவில் நிறுத்தாமல், சரக்கை நகரை ஒட்டிய காப்பிடத்திலேயே இறக்க அனுமதித்தார்கள். மூட்டைகளைப் பிரித்த சுமைகூலிகள் முதலில் விழுந்தார்கள். பிறகு நகரம் விழுந்தது. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த மார்செயில் பாதிக்கு நெருக்கமானவர்கள் மாண்டார்கள். விதி எழுதப்பட்டிருந்தது, தீவு இருந்தது, காவல் இருந்தது. சரக்குக்கு உரியவரின் அவசரம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது.

சென்னையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பதில் 2: ராயபுரம் பழையவர்

அம்மாவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். படித்தவற்றையும் பார்த்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

மதராஸில் தனித் தீவு தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை இங்கே பாதுகாப்பான துறைமுகமே கிடையாது. 1861இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1870களின் நடுவில் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் வேலையை 1881 நவம்பர்ப் புயல் அடித்து நொறுக்கிப்போட்டது. அதுவரையிலும் அதற்குப் பிறகு சில காலமும் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். படகுக்காரர்களைப் போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டால் கப்பல் தானாகவே தீவாகிவிடும். சுவர் கட்டி, வார்ஃப் என்னும் கப்பலணை மேடை அமைத்து, கப்பலைக் கரையோடு கட்டும் வசதி வந்த பிறகுதான், நோயை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இங்கே கடுமையானது என்பது என் எண்ணம்.

கப்பல் வந்ததும் நடக்கும் முறையைச் சொல்கிறேன். கப்பல் மஞ்சள் கொடியை ஏற்றி நிற்க வேண்டும். பழைய காலத்தில் அந்தக் கொடி 'நோய் இருக்கிறது, நெருங்காதே' என்ற எச்சரிக்கை. இன்று அதே கொடிக்கு 'கப்பலில் எல்லோரும் நலம், கரையோடு தொடர்பு கொள்ள அனுமதி வேண்டும்' என்று பொருள். பலர் இன்னும் மஞ்சள் கொடியைக் கண்டு பயப்படுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் ஏறுபவர் சுகாதார அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது பழைய மரபு. வழியில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா, யாராவது இறந்தார்களா, கடைசியாக எந்தத் துறைமுகத்தைத் தொட்டார்கள், எலிகள் வழக்கத்துக்கு மாறாகச் செத்துக் கிடந்தனவா என்றெல்லாம் கேட்டு, கேப்டனின் கையெழுத்தை வாங்குவார். எலியைப் பற்றிய கேள்வி பிளேக் கற்றுக்கொடுத்த கேள்வி.

எலிதான் நான் கண்ணால் கண்ட பகுதி. கப்பலைக் கரையோடு கட்டும் வடத்தில் வட்டமான தகரத் தட்டு ஒன்றை மாட்டியிருப்பதைத் துறைமுகம் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். அது எலித் தடுப்புத் தட்டு. எலி இரவில் வடத்தின் மேல் நடந்து வரும். தட்டின் விளிம்பைப் பிடிக்க முடியாமல் தடுமாறித் தண்ணீரில் விழும், அல்லது வந்த வழியே திரும்பும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஒரு விடியற்காலையில், வார்ஃபில் நின்றபடி ஒரு பெரிய எலி அப்படித் தட்டுவரை வந்து, முன்கால்களைத் தகரத்தில் வைத்துப் பார்த்து, சறுக்கி, மீண்டும் வைத்துப் பார்த்து, கடைசியில் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு எளிய தகரத்துக்குப் பின்னால் எத்தனை இலட்சம் சாவுகளின் படிப்பினை இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. 1926ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைக்குப் பிறகு, கப்பலில் எலி இல்லை அல்லது ஒழிக்கப்பட்டது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழ் பெற வேண்டிய கட்டாயம் வந்தது. சரக்கறைகளை மூடிக் கந்தகப் புகையோ நச்சு வாயுவோ செலுத்தி, பிறகு திறந்து, செத்த எலிகளைப் பொறுக்குவார்கள். அந்தச் சான்றிதழின் வழித்தோன்றல் இன்றும் உண்டு. காலமும் அதே ஆறு மாதம்.

துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் சுற்றி 400 மீட்டருக்குள் ஏடிஸ் கொசு இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த மஞ்சள் புத்தகத்தை அவ்வளவு கண்டிப்போடு கொடுப்பதற்குக் காரணம் இதுதான் அம்மா: போகும்போது அவன் உடம்பைக் காக்கவும், திரும்பி வரும்போது ஊரைக் காக்கவும்.

பதில் 3: மண்டபம் பேரன்

பினாங்கு பற்றிப் பேசும்போது மண்டபத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இப்போது அம்பத்தூரில் வசிக்கிறேன். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம்.

இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள், 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவால் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். கூலியாட்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று தோட்ட நாடு அவர்களைக் கண்டு அஞ்சியது. நல்ல தண்ணீர் இல்லாத அந்தப் பாதையே அவர்களைக் கொல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. பிறகு தூத்துக்குடி வழியாகப் போகிறவர்களைத் தட்டப்பாறையில் நிறுத்திச் சோதித்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, இரயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடையும் வழி அமைந்த பிறகு, மண்டபம் முகாமே பெருவாயிலானது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசு. தங்கள் கரையில் இறங்கிய பிறகு பிடிப்பதைவிட, ஏறுவதற்கு முன்னால் எங்கள் கரையிலேயே நிறுத்திவிடுவது நல்லது என்பது அவர்கள் கணக்கு.

என் தாத்தாவின் அப்பா கங்காணியோடு போனவர். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இவ்வளவுதான்: முகாமில் குளிக்க வைத்தார்கள், துணியை ஆவியில் வைத்தார்கள், அம்மை குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு ஏதோ எண்ணெய் மாதிரி மருந்து கொடுத்தார்கள், நாள் கணக்கில் இருக்க வைத்துப் பிறகு விட்டார்கள். போட் மெயிலில் மேல் வகுப்பில் கொழும்புக்குப் போகிறவர் அதே வழியில்தான் போவார். அவருக்கு முகாம் வாசம் கிடையாது. உங்கள் பாட்டி பார்த்த வியப்பை எங்கள் பெரியவர்களும் பார்த்திருக்கிறார்கள் அம்மா.

அந்த முகாமின் வாழ்வு அதோடு முடியவில்லை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி அங்கேதான் முதலில் தங்கினார்கள். 1980களிலிருந்து ஈழத்து அகதிகளும் அங்கேயே. இரயில் நிலையத்தின் பெயரே இன்றும் மண்டபம் முகாம்தான்.

மலேயாவுக்குப் போகிறவர்களுக்கு நாகப்பட்டினத்தில் இப்படி ஒரு முகாம் இருந்தது. இன்னொன்று நம் ஆவடியில்! நான் தினமும் அந்தப் பக்கம் மின்சார இரயிலில் போகிறேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும்வரை எனக்கு அந்த ஊர் டாங்குத் தொழிற்சாலையாக மட்டுமே இருந்தது. 1938இல் தோட்டத் தொழிலாளரை உதவிக் கட்டணத்தில் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்யும்வரை, ஆட்களை அங்கே கொண்டுவந்து, அம்மை குத்தி, சில நாள் கண்காணித்து, பிறகே கப்பலேற்றினார்கள்.

பதில் 4: பொதுநலம்

நான் பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரியும் மருத்துவர். நாள் கணக்கு, வகுப்பு வேறுபாடு, பயன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நோய்க்கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் இடையே ஒரு காலம் உண்டு. கிருமிகளைப் பற்றிய அறிவு வந்த பிறகு, தனிமைப்படுத்தும் நாட்களை இந்தக் காலத்தோடு பொருத்தினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1951இல் வகுத்த விதிகளில் காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் 6 நாள், பெரியம்மைக்கு 14 நாள் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பயண நாட்களும் இதில் கழியும். ஆகவே உங்கள் பாட்டியின் ஒரு வாரம், நாற்பது நாள் என்ற பழைய மரபிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட, ஓரளவு அறிவியல் சார்ந்த கணக்கு. சிங்கப்பூரில் 1873இல் காலரா வந்துபோன பிறகு, அடுத்த ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் நிலையம் திறந்தார்கள். பினாங்குக்கு ஜெரஜாக் தீவு அதே வேலையைச் செய்தது. வங்கக் கடலைக் கடந்து போன தமிழர்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக் கண்டவர்களே.

அடுத்தது டிக்கெட் கேள்வி. இதற்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருந்தது. 1903ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை இரண்டு முறைகளைப் பிரித்துச் சொன்னது. ஒன்று, பயணியைக் கப்பலிலோ நிலையத்திலோ தனியே நிறுத்தி வைத்துப் பார்ப்பது. மற்றொன்று, உடனே ஊருக்குள் விட்டுவிட்டு, அவர் போகும் இடத்துச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் அனுப்பி, நாள்தோறும் அவர் உடல்நிலையைக் கவனித்து வருவது. யாரை எந்த முறையில் வைப்பது என்பதை உள்ளூர் அதிகாரி முடிவு செய்தார். அறை டிக்கெட்காரரிடம் முகவரி இருக்கும். தேடிப் போனால் கிடைப்பார் என்று நம்பினார்கள். டெக்கில் வந்தவருக்கு அந்த நம்பிக்கை கொடுக்கப்படவில்லை. ரஜூலா போன்ற கப்பலின் டெக்கில் 5,000க்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் இருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் அம்மை பரவும் வாய்ப்பு மிகுதி என்பதும் உண்மையே. அந்த நெருக்கத்தை உண்டாக்கியது கப்பல் கம்பெனியின் இலாபக் கணக்கு என்பதும், அதன் விலையைப் பயணிகள் தங்கள் நாட்களால் செலுத்தினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நோய்க்கு டிக்கெட் தெரியாது அம்மா. விதியை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நிலத்திலும் இதே இரண்டு முறைகள் இருந்தன. பிளேக் 1896இல் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் வெளிப்பட்டது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் நம் தெருக்களில் தகரம் அடித்து வீடுகளை அடைத்தபோதும் கைக்கொள்ளப்பட்ட அதே சட்டம். பம்பாயிலும் புனேயிலும் வீடு புகுந்து சோதித்தது எவ்வளவு வெறுப்பை வளர்த்தது என்பதையும், புனேயில் ராண்ட் என்ற அதிகாரி கொல்லப்பட்டதையும் படித்திருப்பீர்கள். மதராஸ் மாகாணம் இங்கே சற்று வேறு வழியில் சென்றது. நோய் கண்ட ஊரிலிருந்து இரயிலில் வருபவருக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டைக் கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் அதிகாரியின் முன் வந்து காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். இதுவும் தொல்லைதான், மக்கள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் அடைத்து வைப்பதற்குப் பதிலாகத் தொடர்ந்து பார்த்து வருவதைச் சாமானியருக்கும் பொருத்தியதால் இதை நான் மதிக்கிறேன். இதோடு பெரிதும் தொடர்புடைய சுகாதார ஆணையர் கிங் என்பவரின் பெயரையே கிண்டியில் உள்ள கிங் நிலையம் தாங்கி நிற்கிறது. 1899இல் அது பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலைத் தயாரிப்பதற்காகத் தொடங்கியது.

பயன் இருந்ததா என்றால் நோய்க்கு நோய் பதில் மாறும். பெரியம்மைக்கு இருந்தது. நோய் வெளிப்படையாகத் தெரியும், தழும்பு பொய் சொல்லாது, தடுப்பூசி உண்டு. பாட்டியின் கையை அந்த டாக்டர் தடவிப் பார்த்தது வெறும் சடங்கில்லை. காலராவுக்குப் பயன் குறைவு. நோயே இல்லாதவர் போல நடமாடுபவரின் மலத்திலும் கிருமி இருக்கும். ஐந்து நாள் கழித்து அவரை வெளியே விட்டாலும் அது கூடவே போகும். காலராவை உண்மையில் தடுத்தது குழாயில் வந்த நல்ல தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும்தான். பிளேக்கில் நடந்தது இன்னும் வேதனையானது. மனிதர்களைப் பிடித்து முகாமில் அடைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் எலியும் அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சியும் தடையில்லாமல் ஊருக்குள் நடந்துகொண்டிருந்தன. எலியிடமிருந்து மனிதனுக்குத் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று சிமோன்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் 1898இல் காட்டினார். சில ஆண்டுகள் யாரும் அதை ஏற்கவில்லை. ராயபுரம் ஐயா சொன்ன தகரத் தட்டு, அந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகு கிடைத்த பயன்.

தனிமைப்படுத்தலே கொன்றதும் உண்டு. 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து மொரீஷியசுக்கு இரண்டு கப்பல்களில் வந்த ஒப்பந்தக் கூலிகளை, காலரா அச்சத்தால் கேப்ரியல் என்ற சிறு தீவில் இறக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாடு காலராவால் ஆயிரக்கணக்கானவர்களை இழந்திருந்தது. அதனால் அச்சம் பொய்யானதில்லை. ஆனால் தீவில் போதிய கூரை இல்லை, உணவும் மருத்துவமும் ஒழுங்காக இல்லை. சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். இந்திய அரசு அவ்வாண்டே மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒருவரை ஊரின் நலத்துக்காகத் தனியே நிறுத்தும் அரசு, நிறுத்திய நொடியிலிருந்து அவருடைய சோற்றுக்கும் தண்ணீருக்கும் கூரைக்கும் பொறுப்பாகிவிடுகிறது என்பதைப் பொதுச் சுகாதாரம் படிக்க வரும் மாணவர்களிடம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லியே விளக்குகிறேன். பாட்டிக்கு வரிசையில் நின்றாவது வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது என்பதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மயிலை வாசகி

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தீவில் இறங்கிய அந்தக் கைக்குழந்தை என் பெரியம்மா. அம்மா அதற்குப் பிறகு பினாங்கிலேயே பிறந்தவர். தழும்பைப் பற்றிய இடம் வந்ததும் அம்மா தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார். பெரியம்மாவுக்கு இரண்டு கையிலும் தழும்பு உண்டு என்றார். ஏறுவதற்கு முன் ஒருமுறையும் தீவில் ஒருமுறையுமாக இரண்டு தடவை குத்தியிருப்பார்களா?

பொதுநலம்

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் அம்மா. முதல் முறை குத்தியது பிடிக்கவில்லை, அதாவது கொப்புளம் எழவில்லை என்றால், மறுபடி குத்துவார்கள். கைக்குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனித்தார்கள். கப்பலேறும் முன் குத்திய சான்றுச் சீட்டு தனியாக ஒன்று கொடுப்பது வழக்கம். வீட்டில் பழைய பெட்டி ஏதும் இருந்தால் பாருங்கள்.

மயிலை வாசகி

பாட்டியின் தகரப் பெட்டி திருவல்லிக்கேணியில் மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு போய் இறக்கிப் பார்க்கிறேன். சீட்டு கிடைத்தால், அவனுடைய மஞ்சள் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே பதிவிடுகிறேன்.